12க்கு 10 அறைக்கு எத்தனை டைல்?

12 அடிக்கு 10 அடி அறை. 2 அடிக்கு 2 அடி டைல். எத்தனை டைல் வாங்க வேண்டும்?

படிவம் ஒன்றில் அளவீடு பற்றிய பாடம் வரும்போது இந்தக் கேள்வியை வெண்பலகையில் எழுதிவிட்டுக் காத்திருப்பது என் வழக்கம். பத்து வினாடிகூட ஆகாது. "30, டீச்சர்!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். 120 சதுர அடியை 4 சதுர அடியால் வகுத்தால் 30. கணக்கில் பிழையே இல்லை. ஆனால் 30 டைலோடு வேலையைத் தொடங்கினால் அந்த அறை முடியாது. 32ம் போதாது. கடைக்காரர் சொல்லும் 'பத்து விழுக்காடு கூடுதல்' சேர்த்து 36 வாங்கினாலும் போதாமல் போகலாம். அந்த அறை உண்மையில் 42 டைல் கேட்கக்கூடும்.

இது வகுப்பறைப் புதிராக மட்டும் இருந்தால் இவ்வளவு தூரம் எழுத வேண்டியதில்லை. சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன் கிள்ளானில் ஒரு பழைய ஒற்றை மாடி வரிசை வீட்டில் இதே அறை, இதே அளவு. என் மாணவி ஒருத்தியின் வீடு. அவளுடைய அம்மா இரண்டு ஆண்டுகளாகக் கூட்டு கட்டிச் சேர்த்த பணத்தில் படுக்கையறைக்குத் தரை மாற்றினார். 36 டைல் வாங்கினார்கள், ஆறு குறைந்தது. கடைக்கு ஓடினால் அதே பெயருள்ள டைல் இருந்தது, ஆனால் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறம் ஒரு படி வெளிறியிருந்தது. என்ன செய்வது என்று முடிவெடுப்பதற்குள் டைல் போடும் அண்ணன் அடுத்த வீட்டு வேலைக்குப் போய்விட்டார். தீபாவளியன்று அறையின் ஓரத்தில் வெறும் சிமெண்டு தெரிந்தது. கட்டிலை இழுத்துப் போட்டு மறைத்தார்களாம்.

பள்ளி திறந்ததும் அவள் ஒரு தாளை நீட்டினாள். பரப்பளவு, வகுத்தல், பத்து விழுக்காடு எல்லாம் அழகாக எழுதியிருந்தது. "கணக்கு சரிதானே டீச்சர்? ஏன் பத்தல?"

கணக்கு சரிதான். அளந்த பொருள்தான் வேறு.

2 அடி என்பது 2 அடி அல்ல

நம் ஊர்க் கடைகளில் எல்லாரும் '2க்கு 2' என்றுதான் கேட்கிறோம். ஆனால் பெட்டியைப் புரட்டிப் பாருங்கள், 600 × 600 மில்லிமீட்டர் என்றுதான் அச்சிட்டிருக்கும். 2 அடி என்பது 609.6 மி.மீ. ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் குறைவு. இரண்டு பக்கமும் குறைவதால் பரப்பளவில் அது பெருகுகிறது: ஒரு டைல் 4 சதுர அடி அல்ல, 3.875 சதுர அடி. நான்கு டைல் கொண்ட ஒரு பெட்டி 16 சதுர அடி அல்ல, 15.5.

அரைச் சதுர அடிதானே என்று தோன்றும். வீடு முழுக்க 1000 சதுர அடிக்குப் போடுபவர் 250 டைல் என்று கணக்குப் போடுவார். உண்மையில் வெட்டு, உடைசல் எதையும் சேர்க்காமலேயே 259 வேண்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, டைலும் குறையவில்லை. அடியில் பேசி மில்லிமீட்டரில் வாங்கும் பழக்கம்தான் அந்த ஒன்பது டைலை விழுங்கியது. ஆகவே முதல் வேலை, அடி நாடாவை மறந்துவிட்டு மில்லிமீட்டரில் அளப்பது.

அறையையும் அப்படித்தான். வீட்டு வரைபடத்தில் '12க்கு 10' என்றிருந்த அந்த அறையை அளவு நாடா வைத்து அளந்தால் 3.70 மீட்டருக்கு 3.10 மீட்டர் வந்தது. சரியாக 12 அடி என்றால் 3.66 மீட்டர், 10 அடி என்றால் 3.05 மீட்டர்தான் இருக்க வேண்டும். ஆக நீளத்தில் 4 செ.மீ, அகலத்தில் 5 செ.மீ கூடுதல். இந்தக் கூடுதல் எவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

ஒரு சுவரை ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. இரண்டு முனையிலும் நடுவிலும், மூன்று இடத்தில் அளக்க வேண்டும். பழைய வீடுகளில் சுவர்ப் பூச்சின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவுகள். 3.70க்கு 3.10 அறை உண்மையான செவ்வகமாக இருந்தால் பித்தாகோரஸ் விதிப்படி இரண்டு குறுக்களவும் 4.83 மீட்டர் வர வேண்டும். ஒன்று 4.83, மற்றொன்று 4.80 என்று வந்தால் அறை கோணலாக இருக்கிறது. கோணலை டைலால் நேராக்க முடியாது. வெட்டும் துண்டுகளில்தான் அது போய் ஒளிந்துகொள்ளும்.

மீதி எவ்வளவு என்பதே கேள்வி

இப்போது மில்லிமீட்டரில் மறுபடி வகுப்போம். அறையின் பரப்பு 11.47 சதுர மீட்டர். ஒரு டைல் 0.36 சதுர மீட்டர். வகுத்தால் 31.86, அதாவது 32 டைல். பத்து விழுக்காடு சேர்த்தால் 12.6 சதுர மீட்டர். பெட்டிக் கணக்கில் 9 பெட்டி, 36 டைல். மாணவியின் தாளில் இருந்தது இதுதான்.

பரப்பளவுக் கணக்கில் ஒரு ரகசிய அனுமானம் ஒளிந்திருக்கிறது. டைலை மாவு போலப் பிசைந்து தரையில் பரப்பலாம் என்று அது நினைக்கிறது. சாயம் வாங்கும்போது அந்த அனுமானம் சரி, ஏனென்றால் சாயம் எங்கும் ஓடி நிரம்பும். டைல் ஓடாது. அது முழுதாக உட்கார வேண்டும், இல்லையென்றால் வெட்டுப்பட வேண்டும். வெட்டிய பிறகு மிஞ்சும் துண்டு இன்னோர் இடத்துக்குப் பொருந்தினால்தான் கணக்கில் சேரும்.

எனவே பரப்பளவை வகுப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே வகுக்க வேண்டும். டைல்களுக்கு இடையே 3 மி.மீ இடுக்கு, சுவர் ஓரங்களில் தலா 5 மி.மீ இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 3700 மி.மீ பக்கத்தில் ஒரு சுவரிலிருந்து முழு டைலாக வைத்துக்கொண்டே போனால் ஆறு டைல் அமரும். மீதி 72 மி.மீ. 3100 மி.மீ பக்கத்தில் ஐந்து டைல் அமரும். மீதி 75 மி.மீ. அதாவது நான்கு விரல் அகலத்தில் இரண்டு சுவரோரங்களில் மெல்லிய பட்டை. வரைபடத்தில் இல்லாத அந்த 4, 5 சென்டிமீட்டர் கூடுதலும், 2 அடி டைலில் குறைந்த ஒவ்வொரு சென்டிமீட்டரும் சேர்ந்து வந்து நிற்கும் இடம் இதுதான்.

அனுபவமுள்ள யாரும் இப்படிப் போட மாட்டார்கள். மெல்லிய பட்டை வெட்டும்போதே உடையும், ஒட்டினாலும் பிடிப்பு குறைவு, கண்ணுக்கும் உறுத்தும். அதைவிட, சுவர் 2 செ.மீ கோணலாக இருந்தால் 75 மி.மீ பட்டை ஒரு முனையில் 75 ஆகவும் மறுமுனையில் 55 ஆகவும் குறுகும். அது நன்றாகத் தெரியும். 337 மி.மீ துண்டு 317 ஆகக் குறுகினால் யார் கண்ணுக்கும் படாது.

அதனால் அவர்கள் வரிசையை அரை டைல் நகர்த்தி, இரண்டு சுவரோரமும் சம அளவு துண்டு வரும்படி வைப்பார்கள். நடுவில் ஐந்து முழு டைல், இரு ஓரத்திலும் தலா 336 மி.மீ துண்டு. அடுத்த பக்கத்தில் நடுவில் நான்கு, இரு ஓரத்திலும் தலா 337 மி.மீ துண்டு. பார்வைக்கு அருமை. ஆனால் எண்ணிக்கை?

336 என்பது 600இல் பாதிக்கு மேல். ஒரு டைலில் 336 வெட்டியெடுத்தால் மிஞ்சுவது 264க்கும் குறைவு. எதிர்ச் சுவருக்கு வேண்டியதும் 336. பொருந்தாது. ஆகவே ஒவ்வோர் ஓரத் துண்டுக்கும் ஒரு புது டைல். ஒரு பக்கம் 7, மறுபக்கம் 6. பெருக்கினால் 42.

30, 32, 36, 42. ஒரே அறை, நான்கு விடைகள். கடைசி விடை பரப்பளவுக் கணக்கைவிட முப்பது விழுக்காட்டுக்கு மேல் அதிகம். எல்லா அறையும் இப்படி இல்லை. 4.70 மீட்டருக்கு 3.50 மீட்டர் கூடத்தை இதே முறையில் கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு பக்கம் 7 முழு டைலும் ஒரு பெரிய துண்டும், மறுபக்கம் 5 முழு டைலும் ஒரு பெரிய துண்டும். மொத்தம் 48 போதும். பரப்பளவுக் கணக்கு 46 சொல்லும். அங்கே பத்து விழுக்காட்டு விதி தாராளமாகவே பொருந்துகிறது. விதி பொய்யல்ல, மீதி எவ்வளவு என்று கேட்காமல் அதை எல்லா அறைக்கும் பூசுவதுதான் தவறு. மீதி பாதிக்கு மேல் வந்தால் ஒரு துண்டோடு நிறுத்தலாம். மீதி கையகலம்தான் என்றால் எச்சரிக்கை.

பாடநூல் கணக்கில் அறை எப்போதும் டைலுக்குச் சரியாகப் பொருந்தும். அதை எழுதியவர் ஒரு முறை டைல் வாங்கியிருந்தால் கேள்வியை மாற்றியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

வாங்கும் முன்பே வரைந்து பார்த்தால்

கட்டம் போட்ட கணித நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் 10 செ.மீ என்று வைத்தால் இந்த அறை 37க்கு 31 கட்டம். ஒரு டைல் 6க்கு 6 கட்டம். கதவு எங்கே, அலமாரி எங்கே, கழிவறைப் பக்கம் எது என்பதையும் குறியுங்கள். பிறகு டைல்களை வரைந்து நகர்த்திப் பாருங்கள். அரை மணி நேர வேலை. இதை வீட்டிலுள்ள படிவம் ஒன்று பிள்ளையிடம் கொடுத்தால் அது நன்றாகவே செய்யும்.

மாணவி வீட்டு அறையில் நீளப் பக்கத்தின் ஒரு முனையில் சுவர் முழுக்க அலமாரி நிற்கிறது. அங்கே மெல்லிய பட்டை வந்தால் யாருக்கும் தெரியாது. ஆகவே 3700 பக்கத்தில் கதவுப் பக்கச் சுவரிலிருந்து ஆறு முழு டைல். மீதி 72 மி.மீ பட்டை அலமாரிக்கு அடியில். 3100 பக்கத்தில் மட்டும் இரு ஓரமும் சமத் துண்டு. இப்போது 6 × 6 = 36 டைல். அந்த மெல்லிய பட்டைகளுக்கு? ஓரத் துண்டுகள் வெட்டியபின் மிஞ்சும் 26 செ.மீ அகலத் துண்டுகளிலிருந்தே வெட்டிக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் மூன்று பட்டை கிடைக்கும். 42 வேண்டிய அறை 36இல் முடிகிறது. அவர்கள் வாங்கியதும் 36தான்! வரிசையை எங்கே தொடங்குவது என்று வேலை தொடங்குமுன் பேசியிருந்தால் அதே டைலில் அறை முடிந்திருக்கும். உடைசலுக்கு ஒரு பெட்டி சேர்த்து 10 பெட்டி வாங்கியிருக்கலாம்.

டைல் போடுபவர் மீது இதில் குற்றம் சொல்ல முடியாது. அவர் அழகாக வரும்படி தொடங்கினார். எத்தனை டைல் கைவசம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எப்படிப் போடப் போகிறீர்கள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆகவே வாங்கும் முன் அந்த நோட்டுப் பக்கத்தை அவரிடம் காட்டி, "அண்ணே, எங்கேருந்து தொடங்குவீங்க?" என்று கேட்டுவிடுங்கள்.

இரு பக்கமும் சமமாகத்தான் வேண்டும், 42 ஆனாலும் பரவாயில்லை என்பவருக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. மிஞ்சும் துண்டுகள் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. சுவரின் அடியில் ஓட்டும் ஸ்கர்ட்டிங் பட்டையை அவற்றிலிருந்தே எடுக்கலாம். இந்த அறையின் சுற்றளவு 13.6 மீட்டர், கதவு 0.9 மீட்டர் கழித்தால் 12.7. ஒரு பட்டை 60 செ.மீ நீளம், 10 செ.மீ உயரம் என்றால் 22 பட்டை வேண்டும். மிஞ்சும் 26 செ.மீ அகலத் துண்டுகள் 18 இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டை. 36 பட்டை! ஸ்கர்ட்டிங்குக்குத் தனியாக ஒரு டைல்கூட வாங்க வேண்டாம். வெட்டு விளிம்பு தரைப் பக்கம் வரும்படி ஒட்டச் சொல்லுங்கள்.

டைலைச் சாய்சதுரமாக, 45 பாகையில் போட விரும்பினால் சுவரோரம் எங்கும் முக்கோணத் துண்டுகள்தான். டைல் இன்னும் கூடும். மரப்பலகை போன்ற நீள டைலில் ஒரு வரிசையில் மிஞ்சிய துண்டை அடுத்த வரிசையின் தொடக்கத்தில் வைக்கலாம். அதில் வீண் குறைவு. ஆனால் நீள டைல்கள் சூளையில் சற்றே வளையும் என்பதால் பாதிக்குப் பாதி தள்ளி வைக்காமல் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைப்பது நல்லது. இல்லையென்றால் ஒன்றின் மேடும் மற்றொன்றின் பள்ளமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து காலைத் தட்டும்.

பெட்டியில் உள்ள அந்தச் சிறிய எண்

குறைந்தால் இன்னொரு பெட்டி வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அரிசிக்கு அது சரி. டைலுக்கு ஏன் சரிவராது என்பதைச் சூளைதான் சொல்ல வேண்டும்.

போர்சலின் டைல் என்பது களிமண், ஃபெல்ட்ஸ்பார், மணல் ஆகியவற்றின் தூளை அழுத்தி, சுமார் 1200 பாகை செல்சியஸில் சுட்டெடுப்பது. அந்த வெப்பத்தில் ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடிபோல் துகள்களுக்கு இடையே ஓடி, காற்றிடங்களை அடைக்கிறது. அதனால்தான் அதன் நீர் உறிஞ்சும் அளவு 0.5 விழுக்காட்டுக்கு மிகாமல் இருக்கிறது. காற்றிடம் அடைபடுவதால் டைல் சுருங்கவும் செய்கிறது. 7 விழுக்காடு சுருங்கும் என்று வைத்துக்கொண்டால் 645 மி.மீ அழுத்தியது 600 ஆக வெளியே வரும். சூளையின் வெப்பம் சற்று மாறி 7.2 விழுக்காடு சுருங்கினால்? 598.6. ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் போய்விட்டது. அதே வெப்ப மாற்றம் நிறத்தையும் ஒரு படி மாற்றும்.

ஆகவே தொழிற்சாலைகள் சுட்டெடுத்த டைல்களை நிறப்படியும் அளவுப்படியும் பிரித்து, பெட்டியில் தொகுதி எண், நிற எண், அளவு எண் என்று அச்சிடுகின்றன. விளிம்பு தீட்டிய டைல்களில் அளவு வேறுபாடு நீங்கிவிடும். நிற வேறுபாடு நீங்காது. பெயர் ஒன்று, படம் ஒன்று, எண் வேறு என்றால் அது வேறு டைல்தான். வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணா என்று கடையிலேயே பாருங்கள். லோரியில் இறக்கும்போது மறுபடி பாருங்கள். ஒரு பெட்டி 60 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், இரண்டு பெட்டி கூடுதலாக வாங்குவது 120 வெள்ளி. அந்த இரண்டு பெட்டி இல்லாமல் போனால் அறை முழுவதையும் மாற்றும் நிலைகூட வரலாம். திறக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று பணம் கட்டுமுன் கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

பசையும் படுகையும்

இங்கே கணக்கு எளிது, ஏனென்றால் இவை சாயம் போல ஓடிப் பரவும் பொருள்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் உயரம் என்றால் சரியாக 1 லிட்டர். மழைமானியில் படிக்கும் அதே கணக்கு.

10 மி.மீ பல் வைத்த கரண்டியால் பசையை இழுத்தால் வரிவரியாக நிற்கும். பல்லும் இடைவெளியும் சம அளவு. ஆகவே டைலை அழுத்தி வரிகள் சமப்பட்டால் அதிகபட்சம் 5 மி.மீ படலம். 11.47 சதுர மீட்டருக்கு 57 லிட்டர். ஒரு லிட்டருக்குச் சுமார் 1.3 கிலோ பசைத்தூள் என்றால் 75 கிலோ. 25 கிலோ பையில் மூன்று. பையின் மீது எழுதியிருக்கும் அளவோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் தரை மேடுபள்ளமாக இருந்து சராசரியாக 3 மி.மீ கூடுதலாக நிரப்ப வேண்டியிருந்தால் இன்னும் 34 லிட்டர், 45 கிலோ, ஏறக்குறைய இரண்டு பை. பசை வாங்குவதில் நாம் தவறுவது டைல் எண்ணிக்கையால் அல்ல, தரையின் மட்டத்தைப் பார்க்காததால். இரண்டு மீட்டர் நீள அலுமினியக் கட்டையைத் தரையில் வைத்து, அடியில் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள்.

பழைய முறையில் சிமெண்டும் மணலும் கலந்த படுகையின் மேல் போடுவதாக இருந்தால், 3 செ.மீ தடிமனுக்கு இந்த அறையில் 344 லிட்டர் படுகை. ஒன்றுக்கு நான்கு என்ற கலவையில் 50 கிலோ சிமெண்டு மூன்று மூட்டை, மணல் அரை டன்னுக்கு மேல். டைலின் எடை வேறு, 10 மி.மீ போர்சலின் சதுர மீட்டருக்குச் சுமார் 23 கிலோ. எல்லாம் சேர்ந்தால் ஒரு சிறிய காரை அறைக்குள் நிறுத்தியது போல. தரை வீட்டில் கவலையில்லை. மாடியறையிலும் அடுக்குமாடியிலும் பழைய டைலின் மேலேயே படுகை போட்டு ஏற்றுவது நல்ல யோசனை அல்ல. சிங்கப்பூர் வீவக வீடுகளில் தரையின் மேற்பரப்பும் படுகையும் சேர்ந்து 50 மி.மீ தடிமனைத் தாண்டக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள்.

இடுக்கும் வாங்க வேண்டிய பொருளே

டைல்களுக்கு இடையே நிரப்பும் கிரவுட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு. டைலின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அவற்றின் பெருக்குத்தொகையால் வகுங்கள். வந்ததை டைலின் தடிமனாலும், இடுக்கின் அகலத்தாலும், பிறகு 1.6ஆலும் பெருக்குங்கள். எல்லாம் மில்லிமீட்டரில். விடை, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது. 600க்கு 600, தடிமன் 10, இடுக்கு 3 என்றால் 0.16 கிலோ. இந்த அறைக்கு இரண்டு கிலோவுக்கும் சற்றுக் குறைவு.

அதே சூத்திரத்தில் குளியலறைக்கான 25 மி.மீ சிறு மொசைக்கைப் போட்டுப் பாருங்கள். தடிமன் 5, இடுக்கு 2 என்றாலும் சதுர மீட்டருக்கு 1.28 கிலோ வருகிறது. தடிமனும் இடுக்கும் குறைந்தும் எட்டு மடங்கு! துண்டு சிறிதாக ஆக, பரப்பளவோடு ஒப்பிடும்போது அதன் சுற்றளவு பெருகுகிறது. உயிரணு ஏன் சிறிதாக இருக்கிறது என்று உயிரியலில் படிக்கும் பாடத்தின் தரை வடிவம் இது. மாணவர்களுக்கு இதைச் சொன்னால் உயிரணுவைவிட மொசைக் சீக்கிரம் புரிகிறது.

கிரவுட் மலிவுதான். ஆனால் இடுக்கே இல்லாமல் ஒட்டி ஒட்டிப் போட்டால் அழகு என்று சிலர் கேட்பதுதான் விலை உயர்ந்த ஆசை. 2018 ஜனவரியில் சிங்கப்பூரில் மழையும் குளிருமாக நாட்கள் தொடர்ந்தபோது, பல வீவக வீடுகளில் தரை டைல்கள் பெயர்ந்து கூடாரம் போல எழுந்தன. வெயிலில் விரிந்தால் புரியும், குளிரில் ஏன்?

கான்கிரீட்டும் டைலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஒரு மீட்டருக்கு ஒரு பாகை குளிர்ந்தால் கான்கிரீட் ஒரு மீட்டரில் 10 லட்சத்தில் சுமார் 10 பங்கு சுருங்கும்; டைல் 6 பங்கு. 6 மீட்டர் கூடத்தில் 8 பாகை குளிர்ந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் 0.2 மி.மீ. மிகச் சிறிய அளவுதான். கீழே இருக்கும் கான்கிரீட் சுருங்கி, மேலே இருக்கும் டைல்களை நெருக்குகிறது. சுவரோரத்தில் இடைவெளி இல்லை, இடுக்கில் இளக்கம் இல்லை, பசையும் ஆங்காங்கே விட்டிருக்கிறது என்றால் டைல்களுக்கு ஒரே வழி, மேலே எழுவது. பக்கத்துப் பக்கத்து இரண்டு டைல் கூடாரமாக எழுந்தால் உயரம் எவ்வளவு? டைல் 600 மி.மீ சாய்பக்கம், அடிப்பக்கம் ஒவ்வொன்றிலும் 0.1 மி.மீ குறைவு. பித்தாகோரஸைக் கேட்டால், ஏறக்குறைய 11 மி.மீ என்கிறார். 0.2 மில்லிமீட்டர் நெருக்கல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தூக்கிவிடுகிறது!

ஆகவே 3 மி.மீ இடுக்கு, சுவரோரம் 5 மி.மீ வெற்றிடம் இரண்டையும் வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள். சுவரோர இடைவெளியில் சிமெண்டை நிரப்பக் கூடாது. ஸ்கர்ட்டிங் அதை மறைத்துக்கொள்ளும். நீளமான கூடங்களில் நடுவிலும் ஓரிடத்தில் சிமெண்டு கிரவுட்டுக்குப் பதில் இளகும் சிலிகான் வைப்பது நல்லது.

வேலை முடிந்து மறுநாள், ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிக் கேளுங்கள். 'டக்' என்றால் அடியில் பசை நிறைந்திருக்கிறது. 'டொங்' என்று எதிரொலித்தால் அடியில் காற்று. ஓரத்தில் ஓரிரண்டு இருந்தால் விடலாம். நடுவில் வரிசையாகக் கேட்டால் மீதிப் பணத்தைக் கொடுக்குமுன் பேசிவிடுங்கள்.

மிஞ்சிய டைல்களைக் கடைக்குத் திருப்பிவிட வேண்டாம். நான்கைந்தையாவது வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு கழித்துக் குழாய் பழுதுபார்க்க ஒரு டைலை உடைக்க நேர்ந்தால் அந்த நிறம், அந்த அளவு எந்தக் கடையிலும் இருக்காது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் செங்குத்தாக, இடையில் அட்டை வைத்து நிறுத்துங்கள். எண் அச்சிட்ட பெட்டிப் பக்கத்தைக் கிழித்து அவற்றோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். என் மாணவியின் வீட்டில் அந்த ஆறு இடத்துக்கும் வெளிறிய டைலே போட்டார்கள். அலமாரியை ஒரு முழம் இழுத்து அதன்மேல் நிறுத்தியிருக்கிறார்கள். இந்த ஆண்டு கூடம். அளவு நாடாவும் கட்டம் போட்ட நோட்டும் அவள் கையில்.